பாதி அழிந்த பத்து டொலர்

பழைய நோட்டுக்கு விலை சொல்பவன் அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் விலை தானாக ஏறிவிடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று வயிறு வளர்த்தவர்களுக்கு இது புரியும். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு பழங்காசுக் கடையில் எனக்கு அந்த வேலை. ஒருகாலத்தில் அமெரிக்காவின் சின்னஞ்சிறு ஊர் வங்கிகள்கூடத் தங்கள் பெயரோடு நோட்டு வெளியிட்டன. பலவற்றில் வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சேகரிப்பவர்களுக்கு அவற்றில்தான் பைத்தியம்.

மடிப்புக் கலையாமல்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கத்துச் சிவம் அண்ணை டாக்ஸி ஓடுபவர். யாரோ டிப்ஸாகக் கொடுத்த அப்படியொரு நோட்டைக் கொண்டுவந்தார். கஞ்சி போட்டு அயன் பண்ணியிருந்தார்! "அண்ணை, இதால விலை பாதியாப் போச்சு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"விக்கக் கொண்டாற சாமானைக் கசக்கியோ கொண்டாறது?"

வெள்ளிக்கிழமை போன்

யூனியன்வில் வால்ட்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வங்கியின் நோட்டு. ஒஹாயோவில் அவருடைய அம்மா பிறந்த ஊர் வங்கி அது. அம்மாவின் அப்பாதான் அங்கே காசாளர். வீடு எரிந்துபோனதில் அந்த மனிதரின் ஒரு படமோ எழுத்தோ மிஞ்சவில்லை. நோட்டில் அவர் போட்ட கையெழுத்தையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் போன் எடுப்பார். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒருநாள் அவர் மனைவி போனை வாங்கினார்.

"கல்யாணத்துக்கு முன்பு எனக்குக்கூட இவர் இவ்வளவு ஒழுங்காகப் போன் எடுத்ததில்லை."

பஞ்சும் ப்ளீச்சும்

மோர்னிங்சைட் பவளம் அன்ரி வாங்கிய பழைய படச்சட்டத்தின் பின்பலகையைக் கழற்றியபோது பத்து டொலர் நோட்டு ஒன்று விழுந்ததாம். அதைக் கடைக்குக் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்தேன். வால்ட்டர் தேடும் வங்கி! ஆனால் வலது பக்கம், தலைவரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடம், வெளிறிக் கிடந்தது.

"ஆரோ கிறுக்கிப் போட்டாங்கள், தம்பி. கிறுக்கின தாளைக் கடையில எடுக்கமாட்டாங்கள் எல்லே? பஞ்சில ப்ளீச் தொட்டு அழிச்சனான். மற்றப் பக்கம் துடைக்கப் போகேக்க கொழும்பில இருந்து போன் வந்திட்டுது" என்றார் அன்ரி.

மற்றப் பக்கம், அதாவது இடது பக்கம்தான் காசாளரின் இடம். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கையெழுத்து முழுசாக இருந்தது. சந்தோஷத்தில் கடையே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

அன்ரியை இருக்கச் சொல்லிவிட்டுப் போன் எடுத்தேன்; வால்ட்டர் அன்று மத்தியானமே வந்தார். தாத்தாவின் பெயரை எழுத்தெழுத்தாக வாய்விட்டு வாசித்தார். அழுதார், சிரித்தார், அன்ரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைத் தமிழில் சொன்னதும் அன்ரி அந்த வெளிறிய பக்கத்தைக் கவலையோடு பார்த்தார்.

"அப்ப நான் அழிச்சது ஆரின்ர அம்மப்பாவை, தம்பி?"

ப்ளீச் பட்ட நோட்டைப் பேரமே பேசாமல் வாங்கியவரையும், விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்டவரையும் என் தொழிலில் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்.