பெரியப்பா போறதுக்குள்ள ஆறணும்

மறந்துடு, மன்னிச்சுடுன்னு எனக்குப் புத்தி சொல்ல வர்றவங்க முதல்ல சுடுகாட்டுல சட்டையில்லாம ஒரு தடவை நின்னுட்டு வரட்டும். அதுவும் என் உடம்போட. அப்புறம் பேசலாம்.

எங்க காஞ்சிபுரத்துல ஆம்பளை சட்டையைக் கழட்டுறது ஒரு விஷயமே இல்லை. சாமி தூக்கும்போது கழட்டணும். கல்யாணத்துல நலங்கு வைக்கும்போது கழட்டணும். சாவுல, காரியத்துல கேட்கவே வேணாம். எனக்கு மட்டும் அது விஷயம். மீசை முளைக்கிற வயசுல எனக்கு மாரும் சேர்ந்து வளர ஆரம்பிச்சது, பொண்ணுங்களுக்கு வளர்ற மாதிரி. வயசானா போயிடும்னு அம்மா சொன்னாங்க. போகலை. இளைச்சா போயிடும்னு சினேகிதனுங்க சொன்னானுங்க. செவிலிமேட்டுப் பாலம் வரைக்கும் தினமும் ஓடினேன், ராத்திரி சோத்தை நிறுத்தினேன். கன்னம் ஒட்டிப் போச்சு, தொடை வத்திப் போச்சு, அந்த எழவு மட்டும் அப்படியே இருந்தது. பொண்ணு பாக்கிற பேச்சை எடுத்தாலே நான் எழுந்து வெளிய போயிடுவேன்.

வேலையாவது வேற வேலையா அமைஞ்சதா? பட்டுக்கடையில சேல்ஸ்மேன். மெத்தையில உக்காந்து புடவையை விரிச்சுக் காட்டணும். முந்தி எப்படி விழும்னு கேட்டா நம்ம தோள்லயே போட்டுக்கினு எழுந்து நின்னு காட்டணும். எல்லா சேல்ஸ்மேனும் செய்றதுதான். நான் போட்டுக் காட்டினா மட்டும் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கினு ஒருத்தி தோள்ல ஒருத்தி சாய்வாங்க.

அந்தக் கடைக்குப் புடவை கொடுக்க வர்றவன் எங்க அண்ணன். கூடப் பொறந்தவன் இல்லை, பெரியப்பா மகன். சொந்தமா தறி வெச்சு ஆளுங்களை விட்டு நெய்யிறவன். நல்லா சிரிக்கப் பேசுவான்னு ஊர்ல பேரு. "முதலாளி, ஷோகேஸ்ல எதுக்கு பொம்மைக்குக் காசைக் கொட்டுறீங்க? இவனை நிக்க வைங்க, ஜாக்கெட்டு கூட அளவா இருக்கும்"னு ஒரு நாள் கடை நிறைய ஆளுங்க இருக்கிறப்போ சொன்னான். முதலாளியே சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, சோறு போடற இடம்.

அதையெல்லாம் கூட விட்டிருப்பேன். எங்கப்பா செத்தப்போ அவன் சொன்னதைத்தான் விட முடியலை.

நான்தான் கொள்ளி போட்டேன். இடது தோள்ல தண்ணிக்குடம், வலது கையில கொள்ளி. அப்பாவைச் சுத்தி வரணும். சுடுகாட்டுக் காத்துல தோள்ல கிடந்த துண்டு நழுவிக் கீழ விழுந்துடுச்சு. ஒரு கையில குடம், ஒரு கையில நெருப்பு, மூடிக்க மூணாவது கை இல்லை. பங்காளிங்க அத்தனை பேரும் பாத்தாங்க. அப்போதான் அண்ணன் பின்னாலேருந்து சொன்னான்: "நாளைக்குப் பால் தெளிக்கிறதுக்கு யாரும் பால் வாங்காதீங்கப்பா. இவன்கிட்டயே கறந்துக்கலாம்."

மெதுவாத்தான் சொன்னான். ஆனா சிரிப்பு வந்துச்சு. அடக்கி அடக்கி, மூக்கு வழியா வர்ற சிரிப்பு. எங்க சித்தப்பா முறை ஒருத்தர் இருமற மாதிரி நடிச்சாரு. அங்க கட்டை மேல எங்கப்பா படுத்திருக்காரு. குடம் உடைஞ்சதும் நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன், பாசத்துல அழறான்னு நினைச்சாங்க. அப்பாவுக்கு அழ வேண்டிய அழுகையை எனக்கே அழுது தீர்த்துட்டேன். அதைத்தான் பறிச்சான் அந்தப் பாவி.

அன்னைக்கு மனசுக்குள்ள கறுவினேன். இருடா. உங்கப்பன் சாவுக்கும் பங்காளின்னு நான்தான் பாடை தூக்கணும். அன்னைக்கு உன் எதிர்ல சட்டையைக் கழட்டிட்டு நிக்கிறேன். நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி உன்னை ஒரு கேள்வி கேக்கிறேன்.

பெரியப்பா நல்ல மனுஷன், அதை முதல்ல சொல்லிடறேன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுத்தவரு. ஆனா அவருக்கு மூச்சிரைப்பு முத்திப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்கன்னு போன் வந்தப்போ எனக்கு முதல்ல தோணினது அவரைப் பத்தி இல்லை. ஐயையோ, மாரை எடுக்க நான் இன்னும் ஆபரேஷன் பண்ணிக்கலையேன்னுதான் தோணிச்சு. அடுத்த வாரமே மெட்ராஸுக்கு பஸ் ஏறிட்டேன்.

டாக்டர் ஒரு பொம்பளை. சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன். "கையை இறக்குங்க"ன்னாங்க. இறக்கினேன். பேசிக்கினு இருக்கும்போதே மறுபடியும் சொன்னாங்க, "கையை இறக்குங்க சார், பாக்க வேணாமா?" நான் எப்போ கையைத் தூக்கி மாரைக் கட்டிக்கினேன்னு எனக்கே தெரியலை.

"எனக்கு அந்த அல்ட்ராசவுண்டு வெச்சுக் கரைக்கிறது வேணும் டாக்டர். மொபைல்ல பாத்தேன். கத்தியே படாதாம்."

"விளம்பரம் அப்படித்தான் சொல்லும்"னு சிரிச்சாங்க. அப்புறம் பொறுமையாதான் சொன்னாங்க. சாதாரண லைப்போசக்‌ஷன்ல சின்ன ஓட்டை போட்டு, குழாயை உள்ள விட்டு முன்னும் பின்னும் ஆட்டிக் கொழுப்பை உறிஞ்சுவாங்களாம். வயிறு, தொடை மாதிரி இளகலான இடத்துக்கு அதுவே போதுமாம். ஆம்பளை மார்லயும் முதுகுலயும் நார் ஜாஸ்தி, குழாய் சுலபத்துல போகாது. அங்கதான் அல்ட்ராசவுண்டு கை கொடுக்கும். மருந்துத் தண்ணியை ஏத்தி ஊற விட்டு, மெல்லிசா ஒரு கம்பியை விடுவாங்க. அது அதிர்ற அதிர்வுல கொழுப்பு நாரை விட்டுக் கழண்டு குழம்பாயிடும். அதுக்கப்புறம் உறிஞ்சறது சுலபம்.

"அப்போ அதையே பண்ணிடுங்க."

"இருங்க. அந்தக் கம்பி சூடாகும், கவனமில்லைன்னா உள்ளேருந்தே தோல் வெந்துடும். நேரமும் ஜாஸ்தி பிடிக்கும், பின்னாடி நீர் கட்டிக்கிறதும் உண்டு. முக்கியமா, காம்புக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்க, கெட்டியா வட்டமா ஒண்ணு இருக்குது இல்ல? அது கொழுப்பு இல்ல, சுரப்பி. எந்த சவுண்டுக்கும் கரையாது. ஓரத்துல சின்னதா கீறி வெட்டித்தான் எடுக்கணும்."

கத்தி படாதுங்கிற கதை அங்கேயே முடிஞ்சு போச்சு. தழும்பு தெரியுமான்னு கேட்டேன். காம்போட கறுப்பு வட்டத்து ஓரத்துலயே கீறுறதால மறைஞ்சிடும்னாங்க. அப்புறம் என் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டாங்க. அது சட்டுனு திரும்பிப் போச்சு. "தப்பிச்சீங்க. தோல் தொங்கிட்டா இந்த எதுவுமே உதவாது. கொழுப்பை எடுத்தா வெறும் பையா தொங்கும். தோலையே வெட்டித் தைச்சு, காம்பை இடம் மாத்தி வைக்கணும், தழும்பு நெஞ்சுல நல்லாவே தெரியும். வயித்துக்கு டம்மி டக்னு சொல்றாங்களே, அதே மாதிரி. அதுல இடுப்புலேருந்து இடுப்பு வரைக்கும் வெட்டு."

நான் எதையும் மறக்கிறவன் இல்லை. அதையும் மனசுல போட்டு வெச்சேன்.

"ஆற எவ்வளவு நாளாகும் டாக்டர்?"

"இறுக்கமா ஒரு பனியன் கொடுப்போம், பல வாரம் போட்டுக்கினே இருக்கணும். வீக்கம் முழுசா வத்தி உருவம் தெரிய மாசக்கணக்காகும். என்ன அவசரம், கல்யாணமா?"

"இல்ல டாக்டர். சாவு."

பேனாவை அப்படியே நிறுத்திட்டாங்க. "யாரு சாவு?"

"இன்னும் சாகலை"ன்னேன்.

ஆபரேஷன் முடிஞ்சது. கம்பியும் உண்டு, கத்தியும் உண்டு. இடது பக்கம் அவங்க சொன்ன மாதிரியே நீர் கட்டிக்கிச்சு, ஊசி போட்டு இழுத்தாங்க. சித்திரை வெயில்ல அந்தப் பனியனுக்குள்ள நான் பட்ட பாடு என் பகையாளிக்கும் வர வேணாம். இல்ல, தப்பு. பகையாளிக்கு வரட்டும்.

இதுல கூத்து என்னன்னா, பெரியப்பா பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு. ஆனா எந்த நேரமும் போயிடுவாருங்கிற நிலைமை. எனக்கோ வீக்கம் வத்தலை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய், சாமி, இந்த மனுஷனை இன்னும் கொஞ்ச நாள் விட்டு வைன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். சட்டையோடதான் கும்பிட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமா அவரு வீட்டுல போய் நின்னேன். மாத்திரை சரியா எடுக்கிறாரான்னு பாத்தேன். அவர் இருமினா எனக்குப் பதறிக்கினு வரும்.

"நான் பெத்தவனுக்கு இல்லாத பாசம் உனக்கு இருக்குதேப்பா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கினாரு ஒரு நாள். கொஞ்சம் சுருக்குனுதான் இருந்தது. ஆனா வாசல்ல அண்ணன் வந்து, "இன்னா பெரிய சேவை, சொத்துல பங்கு வேணுமா?"ன்னு இளிச்சான். சுருக்குனது அப்பவே போயிடுச்சு.

அவனும் அதுக்குள்ள மாறிப் போயிருந்தான். நல்லா ஊதிக் கிடந்தவனைச் சர்க்கரை வியாதி உருக்கிடுச்சு. சட்டைக்குள்ள தொளதொளன்னு இருந்தான்.

பெரியப்பா எல்லாம் ஆறுற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனாரு. நல்ல மனுஷன்னு சொன்னேனே. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில தூக்கத்துலயே போயிட்டாரு. என்னைக் கேட்டா நிஜமாத்தான் அழுதேன். அழுது முடிச்சு, மூஞ்சியைத் துடைச்சுக்கினு, பாடை பக்கத்துல போய் நின்னு, சட்டைப் பட்டனை ஒண்ணொண்ணா அவுத்தேன். வாழ்க்கையில அவ்வளவு நிதானமா நான் எதையும் செஞ்சதில்லை. அண்ணன் பாத்தான். என் நெஞ்சைப் பாத்தான், என் முகத்தைப் பாத்தான், மறுபடியும் நெஞ்சைப் பாத்தான்.

சுடுகாட்டுல குடத்தைத் தூக்கினு அவன் சுத்தி வந்தப்போ அவன் துண்டும் நிக்கலை. வத்தின மாரு ரெண்டும் தொங்கி ஆடிக்கினு இருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தை என் நாக்கு நுனியில இருந்தது. ஆனா வாயைத் திறக்கலை. பெரிய மனசுன்னு நினைச்சுக்காதீங்க. அழுகைச் சத்தத்துல பாதிப் பேருக்குக் கேக்காது, அதான்.

காரியம் பாலாத்தங்கரையில. பங்காளிங்க எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு ஈர வேட்டியோட மணல்ல உக்காந்திருந்தோம். ஐயர் பிண்டத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கினு இருந்தாரு. அண்ணன் மொட்டைத் தலையோட என் பக்கத்துல நகர்ந்து வந்து காதோட கேட்டான்: "எங்கடா பண்ணிக்கினே?"

"எதைண்ணா?" கரை முழுக்கக் கேக்கிற மாதிரி கேட்டேன்.

"மெதுவாடா. அதான்... அது."

"எது? மாரா? உனக்காண்ணா?"

எல்லாத் தலையும் திரும்பிச்சு. வாடா வான்னு நினைச்சுக்கினேன். எழுந்து நின்னேன், கடையில புடவையை விரிச்சுக் காட்டற குரல்லயே சொன்னேன்.

"நீ பட்டு இழையைச் சோப்புத் தண்ணியில வேக வைப்பே இல்ல, பசை கழண்டு நூல் நிக்கும் இல்ல? எனக்குப் பண்ணது அதுமாதிரி. அல்ட்ராசவுண்டு. நாரை விட்டுக் கொழுப்பைக் கழட்டறது. சும்மா உறிஞ்சற லைப்போவை விட நெஞ்சுக்கு அதுதான் நல்லா வரும். ஆனா உனக்கு ரெண்டுமே ஆகாதுண்ணா." குனிஞ்சு அவன் நெஞ்சுத் தோலை ரெண்டு விரலால இழுத்து விட்டேன். அது அப்படியே நின்னுது. "பாரு, திரும்பிப் போகலை. கொழுப்பை எடுத்தா பையா தொங்கும். உனக்கு வெட்டித்தான் தைக்கணும். காம்பைக் கழட்டி மேல வெச்சுத் தைப்பாங்க. சர்க்கரை வேற இருக்குது, ஆறுமான்னு முதல்ல கேட்டுக்கோ. வயித்துக்கும் பண்ணிக்கிறியா? அதுக்கு இங்கேருந்து இங்க வரைக்கும் வெட்டு."

அவன் இடுப்புல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு விரலால கோடு போட்டுக் காட்டினேன். ஐயரு மந்திரத்தை விட்டுட்டுப் பாத்துக்கினு இருந்தாரு.

அப்போ சித்தப்பா முறைக்காரர், எங்கப்பா சாவுல இருமினவரேதான், ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கினே சொன்னாரு: "முன்னாடியே தெரியாம போச்சேப்பா. அன்னைக்குப் பெரியவருக்குப் பால் தெளிக்கப் பாக்கெட் பால் வாங்கியிருக்க வேணாமே."

சிரிச்சாங்க. அதே சிரிப்பு. மூக்கு வழியா வர்ற அதே சிரிப்பு. அண்ணன் யாரையும் பாக்கலை. ரெண்டு கையையும் மாருக்குக் குறுக்கக் கட்டிக்கினு, தோளை ஒடுக்கிக்கினு, மணலைப் பாத்துக்கினு உக்காந்திருந்தான். இனிச்சது. பொய் சொல்ல மாட்டேன், அடி வயிறு வரைக்கும் இனிச்சது. பெரியப்பா முகம் ஒரு தடவை ஞாபகத்துல வந்து போச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். தெருவுல போட்டிருந்த பந்தல்ல அண்ணனுக்கு மச்சானுங்க புது வேட்டி கொடுத்து தலையில உருமால் கட்டினாங்க. பங்காளிங்க நாங்க வெத்து உடம்போட வரிசையா நின்னோம். அம்மா தண்ணிச் சொம்பை எடுத்துக்கினு வந்தவங்க என் முன்னாடி நின்னுட்டாங்க.

"என்னடா அப்படி நிக்கிற? கையை இறக்கு."

"எந்தக் கை?"

"கையை இறக்குடா. அங்க இப்ப என்ன இருக்குது மறைக்க?"

குனிஞ்சு பாத்தேன். என் ரெண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்க இறுக்கிக் கட்டியிருந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம், புது உருமாலோட, அண்ணனும் அதே மாதிரி நின்னுக்கினு இருந்தான். நான் கையை இறக்கித் தொடையோட ஒட்ட வெச்சுக்கினேன். அம்மா சொம்போட அடுத்த ஆள்கிட்ட போனாங்க. அவங்க நாலடி தாண்டறதுக்குள்ள கை மறுபடியும் மேல ஏறிடுச்சு.