கையை விட முடியாத விமானம்

லேபில் அவளுக்கு வைத்த பெயர் ‘செக்கிங்’. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்யும் இடம் அது. ஒரு துணிக்கடைக்கு அடியில், ஜன்னலே இல்லாத நீள அறை. ஆறு பேர் வேலை செய்தார்கள். சாயங்காலம் ஐந்து பேர் படியேறிப் போன பிறகும் அவள் மட்டும் நிற்பாள். மெழுகு அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பாள். கதவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள்.

“பூட்டுக்கே கை வலிக்கும், விடுங்கக்கா,” என்பாள் பக்கத்து மேசைக்காரி.

பயம் அவளோடு கூடவே பிறந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் முதலில் ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்துகொண்டு, அப்புறம்தான் எடுப்பாள். நாற்பத்திரண்டு வயதாகியும் ரோட்டைக் கடக்கும்போது புருஷன் கையைப் பிடித்துக்கொள்வாள். வேலை மேசையில் மட்டும் அவள் கை நடுங்கியதில்லை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லை அவள் செதுக்கினால் அதைக் கடித்துப் பார்க்கத் தோன்றும்.

அப்படிப்பட்டவள் விமானம் கட்டப் போனதற்கும் பயம்தான் காரணம்.

லேபுக்குப் பின்னால் ஒரு பெரிய மைதானம் உண்டு. ஒரு நாள் மத்தியானம் அங்கே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தலைக்கு மேலே, துணியை நீளமாகக் கிழிப்பது போல ஒரு சத்தம். அவள் குனிவதற்குள் கை நீளத்துக்கு இருந்த ஏதோ ஒன்று மைதானத்தின் அடுத்த கோடிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. சாப்பாடு முழுக்கப் புல்லில். கையில் ரிமோட்டோடு ஓடி வந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர்.

“மன்னிச்சிருங்கம்மா. நேரா நம்மமேல வர்ற மாதிரிதான் தெரியும். வராது.”

“வந்தா?” என்றாள் அவள்.

டாக்ஸிக்காரர் தலையைச் சொறிந்தார்.

அந்த ‘வந்தா?’ அவளை விடவில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் அந்த விமானம் கோடு போட்டுக்கொண்டு போனது. அது என்ன, உள்ளே என்ன இருக்கிறது, எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள். மறுநாளும் போனாள், தள்ளி நின்று. அதற்கடுத்த வாரம் ஃபோம் அட்டையும் ஒரு சின்ன மோட்டாரும் வாங்கிவிட்டாள்.

கட்டுவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இல்லை. மெழுகு வெட்டும் சூட்டுக் கத்தியே ஃபோமையும் வெண்ணெய் மாதிரி வெட்டியது. இறக்கையின் முன்விளிம்பைப் பல்செட்டை இழைக்கும் சுழல் கருவியின் நுனிகளால் வழித்தாள். பல்செட் பவுடரை எடைபோடும் தராசில் ஒவ்வொரு துண்டையும் நிறுத்தாள். பேட்டரியோடு சேர்த்து நானூறு கிராமுக்குள் அடக்கினாள். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு இறக்கை நுனி வரை எழுபது சென்டிமீட்டர். மூக்கில், உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு அலகு ப்ரொப்பெல்லர். அதை ஒரு ஊசியில் மாட்டி, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தை நகம் தேய்க்கும் தாளால் தேய்த்துத் தேய்த்து, சாயாமல் நிற்கும் வரை விடவில்லை.

“பல்செட்டுக்கு எதுக்குக்கா இறக்கை? தானா பறந்து வந்து வாய்க்குள்ள உக்காருமா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“உன் வாய்க்குத்தான் மொதல்ல. அப்பயாவது மூடுமான்னு பாப்போம்,” என்றாள். அவள் வாயிலிருந்து அபூர்வமாக வந்த நக்கல் அது. லேபே சிரித்தது.

வீட்டில் மூன்று பேர். புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். மாமனார் முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த மிஷின் அவருடைய காதுகளையும் இடது ஆள்காட்டி விரலின் பாதியையும் வைத்துக்கொண்டது. காது கேட்கப் போட்ட கருவி விசிலடிக்கிறது என்று கழற்றிச் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி. மருமகள் ஒட்டுவதையும் தேய்ப்பதையும் அதிலிருந்தபடி ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

ஓட்டுகிற கருவியை வீட்டில் எல்லாரும் ரிமோட் என்றார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு என்று டாக்ஸிக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார்: முதலில் ரிமோட்டின் சுவிட்சைப் போட வேண்டும், அப்புறம்தான் விமானத்தின் பேட்டரியைச் செருக வேண்டும். முடிக்கும்போது பேட்டரியை முதலில் பிடுங்க வேண்டும், ரிமோட்டைக் கடைசியில் அணைக்க வேண்டும். அவள் இதை ஒரு நாளும் மீறவில்லை. ப்ரொப்பெல்லரை மாட்டாமல்தான் மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள். முப்பது அடி தள்ளி நின்று, அறுபது அடி தள்ளி நின்று, சிக்னல் எட்டுகிறதா என்று பார்த்தாள். வால் மேலே போகச் சொன்னால் மேலே போகிறதா என்று பதினைந்து முறை பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, எடை சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ப்ரொப்பெல்லர் உட்பட எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். மாட்டினாள். இரண்டு ஆள்காட்டி விரல்களின் நுனியில் இறக்கைகளைத் தாங்கித் தூக்கினாள். ஆடாமல் நின்றது. அப்போது வால் தகடு ஒரு நூல் அளவு மேலே தூக்கியிருப்பது கண்ணில் பட்டது. அதை ரிமோட்டில்தான் சரிசெய்ய முடியும். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் செய்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலைதானே என்று ரிமோட்டைப் போட்டாள், பேட்டரியைச் செருகினாள், வாலை இறக்கினாள். சரியாக இருந்தது. ரிமோட்டை அலமாரி மேல் வைத்துவிட்டு, எடை மாறிவிட்டதோ என்று மறுபடி விரல் நுனியில் தூக்கினாள். அவளால் ஒரு முறை பார்த்ததோடு விட முடியாது.

புருஷன் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார். ஆள் இல்லாத அறையில் லைட்டு எரிந்தால் அணைப்பார். ஆள் இருக்கும் அறையிலும் அணைப்பார். அலமாரி மேல் ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இதை வேற எரிய விட்டிருக்கா,” என்று அணைத்தார்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த விநாடி அவள் விரல் நுனியில் இருந்தது அலறியது.

விரல்களை விட்டு அது தாவியபோது எப்படிப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடது கையில் இறக்கையின் அடிப்பகுதி, வலது கையில் வால் தண்டு. மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைப் ப்ரொப்பெல்லர் ஒரே தொடலில் பஞ்சாக்கியது. காகிதத் துணுக்குகள் முகத்தில் வந்து அடித்தன. நேர் எதிரே நாற்காலியில் மாமனார். உடம்பு முழுவதையும் திருப்பி மூக்கைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனாள்.

“போடுங்க! ரிமோட்டைப் போடுங்க!”

“என்னது?”

“போடுங்கன்னு சொல்றேன்ல!”

புருஷனுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ரிமோட்டை எடுத்த வேகத்தில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டும் இடது குச்சியை மேலே தள்ளிவிட்டார். சுவிட்சைப் போட்டதும் அது கீச் கீச்சென்று கத்தியது. குச்சி அடியில் இல்லாவிட்டால் அது எச்சரிக்கை மட்டும்தான் கொடுக்கும், சிக்னல் கொடுக்காது.

“இடது குச்சி! கீழ இழுங்க!”

“எது? இதுவா?” வலது குச்சியை இழுத்தார். ஈரக் கை. ரிமோட் வழுக்கித் தரையில் விழுந்தது. பின்மூடி திறந்து நான்கு பேட்டரி செல்களும் நான்கு திசைக்கு உருண்டன. அவற்றில் இரண்டு, சோபாவுக்கு அடியில் போயின. டைம்கீப்பர் துண்டோடு குப்புறப் படுத்து அவற்றைத் துழாவ ஆரம்பித்தார்.

முழு வேகத்தில் பேட்டரி நான்கு நிமிஷம் தாங்கும். அவளே கணக்குப் போட்டு வைத்தது. நான்கு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், தானே நின்றுவிடும். ஆனால் இடது கட்டைவிரலுக்கு அடியில் ஃபோமின் ஒட்டு மெல்லப் பிளப்பது அவளுக்குத் தெரிந்தது. அது விட்டால் மோட்டாரும் மூக்கும் தனியாகக் கழன்று வரும். எந்தப் பக்கம் போகும் என்று யார் சொல்வது? பேட்டரியின் மஞ்சள் பிளக் வயிற்றின் கீழே, ப்ரொப்பெல்லருக்கு ஒரு சாண் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கமான பிளக். ஒரு கையால் வராது, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்க வேண்டும். அவளுக்கு இருந்ததே இரண்டு கைதான். உள்ளங்கை வேர்த்து வால் தண்டு வழுக்கத் தொடங்கியது.

பக்கத்தில் யாரோ வந்தது போலிருந்தது. மாமனார்.

“கிட்ட வராதீங்க மாமா! தள்ளிப் போங்க!”

அவர் காதில் எது விழப்போகிறது? சுவரைப் பிடித்துக்கொண்டு முட்டியை மடக்கி, ‘யப்பா’ என்று தரையில் உட்கார்ந்தார். பிறகு தவழ்ந்து அவள் கைகளுக்கு அடியில், ப்ரொப்பெல்லருக்குப் பின்பக்கமாக வந்து நிமிர்ந்து பார்த்தார். காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில் கேட்டார்.

“மஞ்சள்தானே?”

இந்த மனுஷர் ஒரு மாதமாகப் பார்த்திருக்கிறார். அவள் தினமும் எதைக் கடைசியாகச் செருகுகிறாள், எதை முதலில் பிடுங்குகிறாள் என்று.

தலையாட்டினால் ஒன்பதரை விரல்களும் அதற்குக் கீழே வரும். அவள் கை ஒரு அங்குலம் தாழ்ந்தால் போதும். ஆட்டாவிட்டால் ஒட்டு பிளக்கும். சரிபார்க்க நேரமில்லை, இரண்டாவது முறை பார்க்க வழியில்லை. அவள் தலையாட்டினாள். வயிறு அவர் பக்கம் தெரியும்படி விமானத்தைச் சாய்த்தாள்.

அவர் அவசரப்படவில்லை. கையைக் கீழிருந்து மேலே கொண்டுவராமல், அவள் முழங்கையைத் தொட்டு, மணிக்கட்டைத் தொட்டு, அவள் கையோடு ஒட்டியே முன்னால் நகர்த்தினார். அவள் கை அசைந்தால் தன் கையும் சேர்ந்து அசைய வேண்டும் என்று கணக்கு. பிளக்கின் ஒரு பக்கத்தை வலது கையால் பிடித்தார், மறுபக்கத்தை இடது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலும். இழுத்தார். வரவில்லை. இடவலமாக ஆட்டினார். அந்த ஆட்டம் அவள் தோள்வரை வந்தது. பிளந்த ஒட்டு இன்னும் ஒரு பல் அகலம் திறந்தது.

“மாமா, போதும், விடுங்க...”

இழுத்தார். நின்றது.

சோபாவுக்கு அடியிலிருந்து, “ரெண்டு கெடைச்சிருச்சு!” என்று குரல் வந்தது.

“வெளிய வாடா, எல்லாம் முடிஞ்சுது,” என்றார் பெரியவர், மகனின் காலைப் பார்த்து.

அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. மாமனார்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஃபோமில் ஐந்து விரல்களும் களிமண்ணில் பதிந்தது போலப் பதிந்திருந்தன. அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தாள். ஒன்பதரை இருந்தது.

“நான் என்னத்தையோ அணைச்சேன்... அணைச்சா நிக்கத்தானே செய்யணும்?” என்றார் புருஷன்.

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ரிமோட்டோடு வந்த குறிப்புத் தாளைப் பிரித்தாள். சிக்னல் அறுந்தால் மோட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை விமானத்தின் உள்ளே இருக்கும் ரிசீவர் ஒரே ஒரு தருணத்தில்தான் கற்றுக்கொள்கிறது. ரிமோட்டையும் அதையும் முதன்முதலில் ஜோடி சேர்க்கும்போது குச்சி எங்கே இருக்கிறதோ, அதையே மனப்பாடம் செய்துகொள்ளும். ஜோடி சேர்த்த அன்றைக்கு அவள் மோட்டாரின் வேக அளவைப் பதியவைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தாள். அதற்குக் குச்சி உச்சியில் இருக்க வேண்டும். இறக்காமலே ஜோடி சேர்த்துவிட்டாள். ரிமோட்டைக் கடைசியில்தான் அணைக்க வேண்டும் என்ற சட்டத்தை அவள் ஒரு நாளாவது மீறியிருந்தால் ப்ரொப்பெல்லர் இல்லாத மோட்டார் கத்திக் காட்டிக் கொடுத்திருக்கும். அவள்தான் மீறவில்லையே.

மைதானத்தில் இது நடந்திருந்தால்? எட்டாத தூரத்துக்குப் போய் சிக்னல் அறுந்து, முழு வேகத்தில், வீடுகளின் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு. அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள்.

“தூக்கிக் குப்பையில போடு. பஸ்ஸு பாரு, பேசாம ரோட்டுல போகுது,” என்றார் புருஷன்.

“போட மாட்டேன். சரி பண்ணலைன்னா நான் தூங்க மாட்டேன்.”

ப்ரொப்பெல்லரைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடி, டப்பாவை அடுத்த அறையில் வைத்தாள். மூலைக்கு உருண்டு போயிருந்த மிச்ச இரண்டு செல்களையும் தேடி எடுத்தாள். பிளந்த இடத்தில் பசை தடவி டேப் சுற்றினாள். குச்சி அடியில் இருக்கிறதா என்று பார்த்தாள், புருஷனைப் பார்க்கச் சொன்னாள், மறுபடி தானே பார்த்தாள். அப்புறம் ஜோடி சேர்த்தாள். இனி ரிமோட்டை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க வேண்டும்.

மாமனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டார். இரண்டு கைகளாலும் மஞ்சள் பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெறும் மோட்டார்தான், ஓடினாலும் ஒன்றும் ஆகாது என்று சைகையில் சொன்னாள். “நீ உன் வேலையப் பாரும்மா,” என்றார்.

கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருந்தது. நகரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். அழுத்தினாள்.

விளக்கு அணைந்தது. மூன்று பேரும் மோட்டாரையே பார்த்தார்கள்.

“நின்னுருச்சா?” என்று கத்தினார் மாமனார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அது ஓடவே இல்லை.

“அப்புறம் ஏம்மா அழறே?”

இன்னொரு முறை அணைத்துப் பார்க்க அவள் ரிமோட்டை மறுபடி போட்டாள்.