வள்ளியூரில் எடுத்த சிரிப்பு

என் வீட்டுக்காரர் சினிமா நடிகர். இப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபது வருஷமாக நெல்லைப் பக்கம் யார் படமெடுக்க வந்தாலும், கதையில் ஒரு சாவு இருந்தால், பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் இவருக்குத்தான் போன் வரும். பண்ணையாராகச் செத்திருக்கிறார், கதாநாயகியின் தாத்தாவாகச் செத்திருக்கிறார், பாம்பு கடித்தும் செத்திருக்கிறார். உயிரோடு மட்டும் ஒரு படத்திலும் வந்ததில்லை.

வாய்ப்புத் தராமல் இல்லை. ஒரு தடவை டீக்கடைக்காரர் வேஷம் கொடுத்தார்கள். "சீனி போடவா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவைப் பார்த்ததும் மனுஷன் விறைத்துப்போய் நின்றார். மதியம் வரை கேட்கவேயில்லை. "உங்களுக்குப் படுக்குற வேஷந்தான் அண்ணாச்சி சரி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். படுத்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தாமிரபரணியில் முங்கிக் கிடந்து பழகிய மூச்சு அது. மூக்கின்மேல் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகச் சொன்னால் வீட்டிலும் அதே நடிப்புதான்.

ஆனாலும் ஒரு ஆசை அவரை விடவில்லை. "ஏளா, ஒரு தடவையாவது கண்ணத் தொறந்துக்கிட்டு திரையில வந்திரணும்" என்பார். சோற்றில் ரசத்தை ஊற்றும் நேரத்தில்தான் சொல்வார். நான் "முதல்ல சாப்பிடுங்க" என்பேன்.

அவருக்கு ஆசை என்றால் எனக்குப் பயம். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகக் கிடந்தவரைக் காட்சி முடிந்ததும் அதே வேஷத்தோடு எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுப்பார்கள். ஒரு பூசணிக்காயும் உடைப்பார்கள். நடித்தவரின் ஆயுசுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதற்காக. அந்தச் சிரிப்பு படத்தில் வராது, வெட்டிப் போட்டுவிடுவார்கள். இவரும் கேமராவுக்கு நேராகப் பல்லைக் காட்டி 'ஈ' என்று ஒரு இளிப்பு இளித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். இருந்தாலும் அதை எடுக்காமல் வீட்டு நடையேறக் கூடாது என்பது என் சட்டம். லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்திலேயே நின்று எடுக்க வைப்பேன். கணக்கு டீச்சர் இதையெல்லாம் நம்பலாமா என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். நம்புகிறேன், போங்கள். பாடையில் கிடப்பது உங்கள் வீட்டுக்காரராக இருந்தால் தெரியும்.

போன ஐப்பசியில் ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் படப்பிடிப்பு. இவர் கதாநாயகனின் அப்பா. படம் தொடங்கும்போதே செத்துவிடுவார். அதற்குள் இவருக்கு ஒரு இருமல் வந்து சேர்ந்திருந்தது. மூச்சை அடக்குகிற வேலையெல்லாம் இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொல் பேச்சு கேட்டால்தானே. கதாநாயகன் நெஞ்சில் விழுந்து கதறிய நேரம் பார்த்துப் பிணம் இருமியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி இருமியது. ஒப்பாரி வைக்க வந்த பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருவழியாக ஷாட் சரியாக வந்தபோது மழை கொட்டத் தொடங்கிவிட்டது. ஆளாளுக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் உதவி இயக்குநரைப் பிடித்தேன். "சிரிப்பு எடுக்கலையே?"

"கேமரா வண்டி வள்ளியூருக்குக் கிளம்பிடுச்சு மேடம். நாளைக்கு அங்கதான் ஷூட்டிங். சாருக்கு அடுத்த படத்துல சேர்த்து எடுத்துக்கலாம்."

"இருமுற பொணத்த இனிமே எவன் கூப்பிடப் போறான்?" என்றார் இவர். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா மழையைப் பார்த்துச் சொன்னார். ஆசை இனி நடக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதில் கடைசிச் சாவுக்குச் சிரிப்பும் இல்லாமல் எப்படிக் கூட்டிப்போவது?

அவர் முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். "தொடாதீய" என்றேன். "வேஷத்தோட சிரிச்சாத்தான் சிரிப்பு. வள்ளியூருக்குப் போறோம்."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

மூக்குப் பஞ்சை மட்டும் எடுக்க அனுமதித்தேன். தாடைக்கட்டு, கழுத்தில் மாலை, நெற்றியில் பசை வைத்து ஒட்டிய ஒரு ரூபாய் எல்லாம் அப்படியே இருந்தன. கடைத்தெருவில் ஒரு பூசணிக்காய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். இவர் ஏறியதும் முன்சீட்டில் இருந்தவர்கள் எழுந்து பைய பின்னால் போய்விட்டார்கள். சௌகரியமாக உட்கார்ந்தோம்.

கண்டக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட்டுக்கு நான் நீட்டிய பணத்தில் ஒரு ரூபாய் குறைந்தது. "அதான் அண்ணாச்சி நெத்தியில சில்லறை வச்சிருக்காகளே" என்றார். நான் முறைத்த முறைப்பில் மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

நெல்லை புது பஸ்ஸ்டாண்டில் பஸ் மாறி வள்ளியூர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். லாட்ஜ் வாசலில் இயக்குநர் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையும் கழுத்துமாக எதிரே நின்றவரைப் பார்த்துக் கையிலிருந்ததை இலையில் போட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். நல்ல பிள்ளை. மறுபேச்சில்லாமல் கேமராவை இறக்கச் சொல்லி, ஒரு நாற்காலி போட்டு, விளக்கும் வைத்தார். தாடைக்கட்டை அவிழ்த்தேன்.

"சிரிங்க சார்."

சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் வேஷத்தில் நின்றாரே, அதே விறைப்பு. வழக்கமான 'ஈ' கூட வரவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கத்தினேன்.

"நனைஞ்ச சேலையோட ரெண்டு பஸ் மாறி இத இடுப்புல சுமந்துட்டு வந்திருக்கேன். சிரிக்கப் போறீயளா, இல்ல இத உங்க தலையில உடைக்கட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்கக் குலுங்க. நெற்றி ரூபாய் கழன்று மடியில் விழுந்தது. அதற்கும் சிரித்தார். பூசணிக்காயை நானே உடைத்தேன்.

படம் சித்திரையில் வந்தது. எங்களூர்த் தியேட்டரில் போய்ப் பார்த்தோம். தொடக்கத்தில் ஒழுங்காகச் செத்தார், இருமல் தெரியவில்லை. கடைசியில் கதாநாயகன் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, அப்பாவின் நாற்காலி முன்னால் நின்று, அவரை நினைத்துப் பார்க்கிறான். சட்டென்று திரை முழுக்க என் வீட்டுக்காரர். மாலையோடு, இரண்டு கண்ணும் திறந்து, குலுங்கிச் சிரிக்கிறார். ரூபாய் விழுந்த பிறகு உள்ள பகுதியை மட்டும் வைத்திருந்தார்கள்.

"பாவம், அறுவதாங் கல்யாணத்துல எடுத்ததுபோல" என்றாள் பின்சீட்டுப் பெண். "பொண்டாட்டியப் பாத்துல்லா சிரிக்காரு."

கல்யாணமாவது, நான் திட்டியதற்குச் சிரித்த சிரிப்பு அது. திட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் என்றைக்குப் பார்த்தேன்? திட்டுவதில்தானே குறியாக இருந்திருக்கிறேன். இப்படியா பார்ப்பார் என்னை?

திரும்பி அவரைப் பார்த்தேன். மகராசன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் முகம் வந்ததுமே வெட்கம். தொடையில் ஒரு அடி போட்டேன். "கண்ணத் தொறங்க."

திறந்தார். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. "என்னளா, வந்துட்டுப் போயிட்டனா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தேன். அந்த இடம் வந்தபோது அவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால்தான் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டீச்சர் அழுததை மனுஷன் பார்த்துவிட்டால் பேட்டை முழுக்கச் சொல்லிவிடுவார்.