துண்டுக்குள் அசையாத தரகர்

"துண்டுக்குள்ள நான் பிடிச்ச விரல்தான்வே விலை. அதை மாத்த வைக்கிறவன் இனிமேத்தான் பொறக்கணும்!"

எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில், கிடாய்கள் சாட்சியாக, தரகர் இசக்கிபாண்டி ஒருகாலத்தில் வெளியிட்ட பிரகடனம் இது. கிடாய்கள் மறுப்பு ஏதும் தெரிவிக்கவில்லை.

கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவது சந்தை வழக்கம். அதற்கு வாய் வேண்டாம். காது வேண்டவே வேண்டாம். அதனால்தான் தன் காது போனதை ஊரில் கடைசியாகத் தெரிந்துகொண்டவர் இசக்கிபாண்டியாக இருந்தார். அதற்குள் மனைவி போய்ச் சேர்ந்திருந்தாள். அவரும் கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக்காட்டை ஒட்டிய முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே அவரைப் பிடித்த நோய், கௌரவம். யார் என்ன சொன்னாலும், கேட்டது போலச் சிரித்துத் தலையாட்டுவார். பக்கத்துக் கட்டில் செண்பகராஜ், தன் தங்கச்சி இறந்துபோன சேதியைச் சொன்னபோதும் அப்படியே சிரித்துவைத்தார். செண்பகராஜின் கண்ணீரைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். மறுநாளிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைப் பக்கம் போய்த் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

இலவச மருத்துவ முகாமில் கொடுத்த காது மிஷின் டப்பாவிலேயே தூங்கியது. இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் சுதாராணி கத்திக் கத்திச் சொல்லிப் பார்த்தாள்.

"அதைப் போட்டா தட்டுச் சத்தந்தான்ம்மா மண்டைய பிளக்கு. போக, எனக்குக் காது கேக்காதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா?"

இல்லத்துப் பூனைக்கும் தெரிந்த அந்த ரகசியம் இவ்வாறு பாதுகாக்கப்பட்டது.

இந்த நிலையில் கோபாலசாமி வந்து சேர்ந்தார். நாகலாபுரம் பக்கம் ஆடு மேய்த்தவர். ஆயுசு முழுக்க இசக்கிபாண்டியின் விரலுக்கே ஆடு விற்று ஏமாந்தவர்.

"தரகரு எங்கம்மா? பந்தியில காணல?"

"அவிய மோட்டார் ரூம் பக்கத்துலதான் சாப்பிடுதாவ. செண்பகராஜ் அண்ணாச்சி அழுதப்ப சிரிச்சிட்டாவ. அந்த வெக்கம்."

"அவருக்குக் கேக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார் செண்பகராஜ், சோற்றைப் பார்த்தபடி. "யாரு போயி அவருகிட்ட தொண்டை கிழியக் கத்துறது?"

"கத்துவானேன்?" என்று கோபாலசாமி எழுந்தார்.

மோட்டார் அறைத் திண்டில் தரகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுதாராணியிடம் கேட்டு வாங்கி வந்த மிஷின் டப்பாவை, ஆட்டைக் கட்டுவது போல நடுவில் வைத்தார். சாப்பாட்டுக்கூடத்தைக் கை காட்டினார். பிறகு தோள்துண்டை எடுத்து விரித்தார். பாவம், பழக்கதோஷம், இசக்கிபாண்டியின் கை தானாகவே உள்ளே போய்விட்டது.

கோபாலசாமி மூன்று விரலைப் பிடித்தார். மூன்று வேளையும் மிஷினோடு பந்திக்கு வரவேண்டும்.

இசக்கிபாண்டி ஒன்றைப் பிடித்தார். மீண்டும் மூன்று. மீண்டும் ஒன்று. மேலே தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரை நிறுத்த வந்த சுதாராணி, நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் போனாள்.

பேரம் படியாவிட்டால் கையை உருவிக்கொள்வதுதான் முறை. கோபாலசாமி உருவவில்லை. விரலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை ஒருவர் பிடித்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சந்தைச் சட்டம். அதனால் முடிவு என்னவென்று கோபாலசாமியும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, இட்லிக்கு இசக்கிபாண்டி மிஷினோடு வந்தார். "இந்த ஒரு வேளைதான் வருவாரு. தரகரு அசைவாரா?" என்று கூடம் தீர்ப்புச் சொன்னது. மதியமும் வந்தார். தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

ராத்திரியும் வந்தார். செண்பகராஜுக்கு எதிரே தட்டை வைத்து உட்கார்ந்து, காதை முன்னே நீட்டினார்.

"உம்ம தங்கச்சிய பத்தி அன்னைக்கு என்னமோ சொன்னீரு. மெதுவாச் சொல்லும்வே. கேக்குதேன்."

செண்பகராஜ் டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.