நடுங்குகிற கைக்கு ஒரு தராசு

பள்ளிக்கூட பஸ்ஸின் சாவியைத் திருப்பிக் கேட்டபோது, வெர்னா டோலஃப்சனின் கை நடுங்குகிறது என்பதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மொன்டானாவின் பனி உறைந்த சாலைகளில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைக் கீறல் படாமல் வீடு சேர்த்தவள். அந்தக் கை மடியில் சும்மா கிடக்கும்போது ஒன்றும் செய்யாது. காப்பிக் கோப்பையைத் தூக்கப் போனால்தான் ஆட ஆரம்பிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகவும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். துப்பாக்கியை மட்டும் விடுவதாக இல்லை. மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைச் சாத்திப் படுத்துவிட்டால், தோளும் கன்னமும் அதைப் பிடித்துக்கொள்ளும், கைக்கு அங்கே அதிகம் வேலையில்லை. தோட்டாவையும் கடையில் வாங்கமாட்டாள். சுட்ட காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கார் ஷெட்டில் உட்கார்ந்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை வைத்து அழுத்தித் தானே செய்துகொள்வாள். அந்த ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய தராசு பலகையிலிருந்து விழுந்து தண்டு வளைந்துபோனது. தட்டித் தட்டி நிமிர்த்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டியது. மருந்து கொஞ்சம் கூடிப்போனால் துப்பாக்கி சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும். வளைந்த தராசைக் குப்பையில் போட்டாள்.

அவள் தம்பி ஓரின் விஷயம் கேள்விப்பட்டு உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கொண்டுவந்தான். அவளிடம் சின்னப் பித்தளை எடைக்கல் ஒன்று இருந்தது. அதைத் தட்டில் வைத்தாள், எண் சரியாக வந்தது. ஷெட்டின் ஹீட்டர் உறுமிக் காற்றை ஊதத் தொடங்கியதும், கல் அசையாமல் இருக்க, எண் மட்டும் நகர்ந்துகொண்டே போனது. ஹீட்டரை நிறுத்திவிட்டு நிறுக்கச் சொன்னான் ஓரின். டிசம்பரில் விரல் விறைத்துப்போய் நிறுப்பவனை நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்டு அதைப் பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவன் தன்னுடைய பெரிய இயந்திரத்தையே தூக்கி வந்தான். வேண்டிய எடையைப் பொத்தானில் அழுத்தினால் போதும், அதுவே மருந்தைக் கொட்டி, அதுவே நிறுத்து, முடிந்ததும் குருவி மாதிரிக் கூவும். அவள் கைக்கு அதுதான் சுகம், அதை அவளும் மறுக்கவில்லை. ஆனால் கூவி முடிந்த பிறகும் குழாயின் வாயிலிருந்து இரண்டு மூன்று மணி மருந்து தட்டில் உதிர்வதை அவள் பார்த்துவிட்டாள்.

"இதுல என்னக்கா இருக்கு? ரெண்டு மணி மருந்துதானே," என்றான் ஓரின்.

"ரெண்டு மணியா இருபது மணியான்னு அது கூவுறதுல தெரியுமாடா?"

கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் தண்டுத் தராசு ஒன்றைக் கண்டுபிடித்தாள். கனமான இரும்பு அடி, கத்தி முனையில் ஆடும் தண்டு, ஒரு முள். எடைக்கல்லை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். முள் ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில் வந்து நின்றது. கூட வந்த ஓரினுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நடுங்குகிற கைக்குப் போய் மூச்சுவிட்டாலே ஆடுகிற தராசா என்று வழியெல்லாம் புலம்பினான்.

"அதுக்காகத்தான் வாங்குறேன். என் கை ஆடினா முள்ளு காட்டிக் குடுத்துடும். அது நிக்கிற வரைக்கும் நானும் காத்திருப்பேன். எனக்கென்ன, பிடிக்க வேண்டிய பஸ்ஸா இருக்கு?"

முழங்கையை மேசையில் ஊன்றி, இரண்டு கையாலும் தட்டைப் பிடிக்கப் பழகினாள். சிந்தினால் எல்லாவற்றையும் பெருக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். முன்பு ஒரு மாலையில் முடிந்த வேலை வாரம் முழுக்க இழுத்தது.

அவளும் ஓரினும் சுடப் போகும் துப்பாக்கி க்ளப்பில் பேச்சு கிளம்பியது. கை நடுங்குகிறவள் செய்த தோட்டா தங்களுக்குப் பக்கத்தில் வெடிப்பதா என்று சிலர் பயந்தார்கள். தலைவர் க்ளைட் ஹாஸ்கின்ஸ் தன்மையான மனிதர், கூட்டத்தில் அவளை உட்காரவைத்து, இனிமேல் கடைத் தோட்டா மட்டும் கொண்டுவந்தால் எல்லாருக்கும் நிம்மதி என்றார். வெர்னா வெளியே நின்ற தன் சின்ன லாரிக்குப் போய்த் தராசையும், செய்த தோட்டாவைப் பிரிக்கிற சுத்தியலையும் எடுத்து வந்தாள். என் பெட்டியிலிருந்து நீங்களே ஐந்தை எடுங்கள் என்றாள்.

க்ளைட் எடுத்துக் கொடுத்ததைப் பிரித்து, மருந்தைக் கொட்டி நிறுத்தாள். எல்லாரும் பார்க்க அவள் கை ஆடியது, தட்டு கிணுகிணுத்தது. முள் நிற்க நேரமெடுத்தது. நான்கு ஒரே எடை. ஐந்தாவது ஒரு மயிரிழை கூடுதல்.

"இது கூட இருக்கு, ஆபத்தில்ல, ஆனா கூடத்தான்," என்று அவளே சொன்னாள். "இப்ப உங்களோடதைக் குடுங்க, க்ளைட்."

"நம்ம பேச்சு என்னோட தோட்டாவைப் பத்தி இல்லீங்க, வெர்னா."

ஓரின் எழுந்து தன் தோட்டாப் பெட்டியை மேசையில் வைத்தான். அவனுடைய ஐந்தில் இரண்டுதான் ஒத்துப்போயின. அவன் கழுத்து சிவந்தது, உட்கார்ந்துகொண்டான். அப்படியும் கை தூக்கி ஓட்டெடுத்தபோது முடிவு அவளுக்கு எதிராகத்தான் வந்தது. அவர்கள் பயந்தது தராசுக்கு இல்லை, அந்தக் கைக்கு. எல்லாருக்கும் ஒரே விதியென்றால் கட்டுப்படுகிறேன், எனக்கு மட்டும் என்றால் மாட்டேன் என்று சொல்லி, தன்னிடமிருந்த, சுடும் மைதானத்துக் கேட்டின் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இந்தச் சாவியை யாரும் கேட்கவில்லை, அவளே கொடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் அழுதாள், பாதி கோபத்தில்.

அதன்பின் தன் மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் தகர இலக்கை நட்டு, அங்கேயே சுட்டுப் பழகினாள். நவம்பரில், ஊசியிலை மரங்களுக்குக் கீழே, எல்க் மான் ஒன்று ஒரே குண்டில் விழுந்தது. ஓரின்தான் உரிக்கவும் தூக்கவும் வந்தான். இறைச்சியை லாரியில் ஏற்றும்போது, அந்தத் தராசைக் கொஞ்ச நாள் இரவல் தருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"தரமாட்டேன். நீயும் நாலு ஊர் அலைஞ்சு தேடு."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் க்ளப்பில் எல்லாரும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சாப்பிடும் விருந்து. அவளை யாரும் அழைக்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெரிய பானை நிறைய எல்க் இறைச்சியும் பீன்ஸும் மிளகாயும் போட்டுக் காய்ச்சியதைக் கொண்டுபோய் மேசை நடுவில் வைத்தாள். க்ளைட் இரண்டாம் தடவை கிண்ணத்தை நீட்டினார். அகப்பை அவள் கையில் ஆடியதில் கொஞ்சம் குழம்பு அவர் சட்டைக் கையில் சிந்தியது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

"நல்லாயிருக்குங்களா, க்ளைட்?"

"ரொம்ப நல்லாயிருக்குங்க."

"என் தோட்டாவுல விழுந்ததுதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் கிண்ணத்தை வாங்கினாள்.