அது யார் வீட்டு நாய்

நாய் கடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடித்த மறுநாள் என் கணவர் செய்த உபகாரத்தைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஏற்காட்டில் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த எல்லோருக்கும் தெரியும்.

கிளியூர் போகும் வழியில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஒரு பங்களா இருக்கிறது. சொந்தக்காரர் வெளியூரில் இருப்பவர், சனி ஞாயிறில் வந்துபோவார். ஜன்னல்களுக்குத் திரை தைக்க வேண்டும், வந்து அளவெடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்தான் போனில் கூப்பிட்டார். நான் போனபோது கேட் திறந்து கிடந்தது. இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தேன். ஒரு குரைப்புகூடக் கேட்கவில்லை. காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து வந்த நாய் என் வலது கையைக் கவ்வி உதறியது. மோட்டார் போடப் போயிருந்த வாட்ச்மேன் ஓடிவந்து, கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கை என்னிடம் திரும்பி வந்தது.

"பகல்லயும் கட்ட வேண்டாம்னு மொதலாளி சொல்லிப்போட்டாருங்க அம்மணி. காட்டெருமை தோட்டத்துக்குள்ள வருதுன்னு அவுத்து உடச் சொன்னாருங்க" என்றார் அவர். அந்த வலியிலும் அவர் சொன்னதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவி ஊசி போட்டார்கள். கட்டைவிரலுக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கிறது, சேலத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நாய் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று கொஞ்ச நாள் கவனித்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது பேச்சு காதிலேயே ஏறவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல் அது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

என் கணவர் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். மறுநாள் சாயங்காலம் வாட்ச்மேன் அவரைத் தேடி வந்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு ஆட்கள் தடியோடு நாயைத் தேடுகிறார்கள், அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று அழுதாராம். எங்கள் மலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கோழி பிடிக்கிற பூனையோ ஆளைத் துரத்துகிற நாயோ, எதுவானாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்துவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிவிட்டால் திரும்பி ஏற அதற்கு வழி தெரியாது என்று ஒரு நம்பிக்கை. கொன்ற பாவம் வேண்டாம், தொல்லையும் வேண்டாம் என்கிற கணக்கு. இரண்டு பேருமாக நாயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அப்படித்தான் போனார்கள்.

"எறக்கி உட்டுட்டம் புள்ள. இனி அது உங்கண்ணுலயே படாது" என்று வந்து நின்றார் மனிதர். பட்டையைக்கூடக் கழற்றி வீசிவிட்டார்களாம், கீழே யாராவது எடுத்து வளர்க்கட்டும் என்று. நாயைக் கவனித்துக்கொண்டே இருக்கும்படி டாக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஊசிகளை ஒன்று விடாமல் போட்டுக்கொண்டபோதும், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறதா என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பயம் அடங்கப் பல வாரங்கள் ஆயின.

ஆபரேஷனுக்குப் பிறகும் விரல் மடங்கவில்லை. சேலத்தில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். நாயை வளர்ப்பவர் அதைக் கட்டுக்குள் வைக்காததால் ஒருவருக்குக் காயம் என்றால், வைத்தியச் செலவோடு இழந்த வருமானத்தையும் கேட்கலாம் என்றார். ஆனால் நாய் அவருடையது என்று நாம்தான் காட்ட வேண்டுமாம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அந்த நாய் பங்களாக்காரருடைய காரில் முன் சீட்டில் உட்கார்ந்து போனதை ஊரே பார்த்திருக்கிறது.

வக்கீலம்மா பங்களாக்காரருக்கு அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் வந்தது. தனக்கு நாயே கிடையாது, வேலையாள் ஏதாவது தெருநாய்க்குச் சோறு போட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார். நாய் மட்டும் இருந்திருந்தால் எந்தச் சாட்சியும் வேண்டியதில்லை. அவர் காரை விட்டு இறங்கியதும் ஓடிப்போய் அவர் காலடியில் உருண்டிருக்கும். கணவரை இழுத்துக்கொண்டு அடிவாரம் போய் ஒவ்வொரு டீக்கடையாக விசாரித்தேன். "இங்க திரியற நாயில எதுன்னுங்க சொல்றது?" என்று சிரித்தார்கள். ஊர்க்காரர்களைக் கேட்டேன். பார்த்தேன் என்று வீட்டுக்குள் சொன்னவர்கள் கோர்ட் என்றதும் நழுவினார்கள். மிஞ்சியது வாட்ச்மேன் ஒருவர்தான்.

கூப்பிட்டதும் மறுக்காமல் சேலத்துக்கு வந்தார். வக்கீலம்மாவின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அது என்ற நாயிங்க. நாந்தான் வளத்தேன். மொதலாளிக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார்.

"ஏனுங்கண்ணா, அவுத்து உடச் சொன்னது மொதலாளின்னு அன்னிக்கு எங்கிட்டச் சொன்னீங்களே?"

"அப்படியானால் நஷ்டஈடு நீங்கள் தர வேண்டிவரும், தெரியுமா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"தெரியுமுங்க" என்றார்.

வெளியே வந்ததும் நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாங்க குடியிருக்கற ஊடு மொதலாளி குடுத்ததுங்க அம்மணி."

இடமும் பங்களாக்காரருடையது, வரச் சொன்னதும் அவர், அதனால் வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீலம்மா. ஆனால் நாய் தன்னுடையது என்று சொன்ன வாட்ச்மேனையும் சேர்த்துத்தான் போட வேண்டுமாம். கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இன்னும் தையல் மெஷின் டிராயரில் கிடக்கிறது. போட்டால் அந்த மனிதர் கோர்ட்டுப் படி ஏற வேண்டும். போடாவிட்டால் என் விரலுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை.

சேலம் போய் வந்த அடுத்த வாரம் என் தையல் கடையைத் திறக்கப் போனபோது வாட்ச்மேனின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தார். காப்பி பறிக்கப் போகிறவர். உள்ளே வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

"நாய் எங்களுதுன்னு ஒத்துக்கிட்டமுங்க. அப்ப உங்க கைக்கும் நாங்கதானுங்க பொறுப்பு. எங்க வெட்டோணும்னு கோடு போடுங்க அம்மணி."

"உங்ககிட்ட இத யாரு கேட்டா? போய் உங்க பொழப்பப் பாருங்க" என்று சீறினேன். அவர் நகரவில்லை. ஸ்கூல் யூனிஃபார்ம் துணி மேஜையில் குவிந்து கிடந்தது. தவணை சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போயிருந்தது. இடது கையால் சாக்பீஸை எடுத்துக் கோடு போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போட்டேன்.

ரொம்ப மெதுவாகத்தான் வெட்டுவார். காப்பி பறிக்கப் போகாத நாளெல்லாம் வருகிறார். கூலி கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்.

போன சனிக்கிழமை பங்களாக்காரரின் கார் கடைத்தெரு நெரிசலில் எங்கள் வாசலில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாதி வெட்டிய துணியோடு வாட்ச்மேனின் மனைவி சட்டென்று எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்றேன்.

கார் போகும்வரை அவர் உட்காரவில்லை.