அடுப்புக்கு மேல் நான் கட்டிய மிளகாய்ப் பரண்

ஐந்தாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவன் நான். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் காம்பராவை ஒட்டி இரண்டு அறை எழுப்பினேன். மலை ஊற்றிலிருந்து வீட்டுக்குக் குழாய் இழுத்தேன். கொத்துவேலைக்கு மேசன் பாஸ் ஒருவரையும் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை, அடுப்புக்கு மேல் கட்டிய மிளகாய்ப் பரண்.

பசறைப் பக்கத்து மலையில் வெயிலை நம்பி மிளகாய் காயப்போட முடியாது. காலையில் பாயில் பரப்பினால் மத்தியானம் பனிமூட்டம் வந்து ஈரமாக்கிவிடும். மூன்றாம் நாள் பூசணம். நான் ஃபேக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டியவன். கம்பி வலையில் மெல்லிசாகப் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவோம். கொழுந்து வாடினால் மிளகாய் வாடாதா? கழித்துப்போட்ட வலையை ஃபேக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கரிடம் கேட்டு வாங்கிப் பரண் அடித்தேன். மொனராகலையிலிருந்து வந்த பழுத்த மிளகாய், ஒரே வாரத்தில் கலகலவென்று காய்ந்தது.

அதை மில்லில் அரைத்து, என் மனைவி அறுப்புப் பண்டிகைக்கு எங்கள் வேதக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பாஸ்டர் போத்தலைத் தூக்கிக் காட்டி, "இந்த அம்மாவோட கைப்பக்குவம்!" என்று அவளைக் காட்டினார்.

"கலரு எப்படிக்கா இப்படி நிக்குது?" என்று பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் சிரித்தாள். பரண் என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. பின் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வருஷம், "நீ கை வைக்காத புள்ள, நானே காயவைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஃபேக்டரி அடுப்புக்குப் போடும் யூகலிப்டஸ் விறகையே போட்டேன். அங்கே புகை தனிக் குழாயில் போய்விடும், இங்கே நேரே மிளகாயில் ஏறும் என்பது தோன்றவில்லை. குழம்பு வைத்தால் தைல வாசம்.

"ஏங்க, இத சோத்துல ஊத்தவா, நெஞ்சுல தேய்ச்சுக்கவா?" என்றாள்.

"போன வருசமும் இதே வெறகுதானே அடுக்கி வச்சேன்?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் உருவிப்போட்டு, கவ்வாத்து வெட்டின தேயிலக் குச்சிய வச்சேன். மணிக்கொரு தடவ கிண்டியும் விட்டேன். நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டா திரிஞ்சேன்?"

சரி, விறகு அவளுடையது. கிண்டியதும் அவள்தான். ஆனால் பரண் இல்லாமல் எதைக் கிண்டியிருப்பாள், பூசணத்தையா?

இந்த வருஷ மிளகாய் இப்போது மேலே காய்கிறது. போத்தலில் அவள் பேரை ஒட்டட்டும், தடுக்கவில்லை. பக்கத்தில் என் பேரும் அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். பரண் கட்டியவன் யார் என்று பாஸ்டர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். பின் வாங்கு வரைக்கும் கேட்க வேண்டும்.